வெத்திலை இல்லாத வாய்

நெடுந்தீவு
20.03.2024

தங்கச்சி கிறேசம்மாவுக்கு,

நான் இருக்கிறன். மாடுகளும் இருக்குது. நீ இருக்கிறாய் எண்டு முந்தநாள் படகிலை வந்த ஒருத்தர் சொன்னவர். மச்சான் மடுத்தீன்ரை முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சுது எண்டும் அவர்தான் சொன்னவர். "என்ன பஸ்தியான், உம்மைக் காணேல்லை? கத்தரிக்காய்க் கறி திறமா இருந்தது" எண்டார். தவக்காலம் எண்டபடியால் மீன், மச்சம் வைக்காமல் சமைச்சிருக்கிறாய் எண்டு விளங்கினது. வேறையொண்டும் விளங்கேல்லை.

எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் உனக்குப் போன் எடுத்துப் பாத்தனான். ஒருக்கால் தூக்கினாய். நான் கதைக்கத் தொடங்க "விளங்கேல்லை" எண்டு வைச்சுப்போட்டாய். என்ரை கதை போனிலை ஒருத்தருக்கும் விளங்கிறேல்லை, அது உண்மைதான். அதாலைதான் இந்தக் கடுதாசி.

எழுதுறது அன்ரனிட்டா. பக்கத்து வளவிலை தையல் மெசின் வைச்சிருக்கிறவ. "மெல்லமாச் சொல்லுங்கோ அண்ணை, வாய்க்குள்ளை கல்லை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு" எண்டு இப்பவே பேசுறா. சொல்லுறதை அப்பிடியே எழுது, வடிவாக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.

செத்தவீட்டிலை நடந்தது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்குது. மடுத்தீனுக்கு நீலக் கோடு போட்ட சேட்டு. மேல் தெறி ஒரு பொத்தான் ஓட்டை தள்ளிப் பூட்டியிருந்தது, கழுத்துப் பக்கம் சேட்டு கோணி நிண்டது. ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை. செபமாலை இடக்கையிலை. நான் தலைமாட்டிலை நிண்டனான். அவன்ரை அக்கா ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தவ, என்னைப் பாத்திட்டு நிப்பாட்டினா. பிறகு நீ பாத்தாய். "இவரை வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டாய். ஒரு பெடியன் என்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்ப் பந்தலுக்குள்ளை கதிரையிலை இருத்தினவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போச்சினம். என்னை ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை. நான் சந்திக்கு நடந்து போய் பஸ் எடுத்தனான்.

ஏன் எண்டு அண்டைக்குக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்.

நான் அழேல்லை. அதுதான் கோவமெண்டால் சொல்லு. அம்மா செத்ததுக்கும் எனக்கு அழுகை வரேல்லை. அது உனக்குத் தெரிஞ்சது.

அண்ணன்
பஸ்தியாம்பிள்ளை


மண்டைதீவு
11.04.2024

அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை அன்ரனிட்டாதான் உங்களுக்கு வாசிக்கப் போறா. வாசிக்கட்டும். ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்ததை அவ ஒராள் அறியிறதாலை இனி என்ன குறைஞ்சுபோகப் போகுது?

ஏன் எண்டு கேட்டிருக்கிறியள். கேட்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது எண்டு தெரியேல்லை. சேட்டுத் தெறி ஞாபகம் இருக்குது. நீங்கள் செய்தது ஞாபகம் இல்லையோ?

நாக்கை நீட்டினியள். ஒருக்கால் இல்லை. நீட்டி, உள்ளை இழுத்து, சொண்டைச் சப்பி, திரும்பவும் நீட்டினியள். பெட்டிக்குள்ளை கிடந்த மனுசனைப் பார்த்துக்கொண்டு. இவரின்ரை அக்கா ஒப்பாரியை விட்டிட்டு என்னட்டைக் கேட்டா, "கிறேஸ், உன்ரை அண்ணர் என்ன பழிப்புக் காட்டுறாரோ?" எண்டு. என்ரை புருசனை வைச்சுக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லுறது?

உங்கடை மனதிலை என்ன கிடந்ததெண்டு எனக்குத் தெரியும். இந்தியன் ஆமி நாட்டை விட்டுப் போன மாதம் நீங்கள் வேலிக் கல்லுக்குள்ளை ஆக்கள் கதைக்கினம் எண்டு வளவுக் கல்வேலி முழுக்கப் பிரிச்சுக் கொட்டினியள். சாப்பிடேல்லை, நித்திரை இல்லை. கடைசியிலை கடலுக்குள்ளை இறங்கி நடந்தியள். அப்ப இவர்தான் உங்களைத் தான் உடுக்கிற நீலச் சாரத்தாலை கட்டி வள்ளத்திலை ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர். துறையிலை நிண்ட சனத்துக்கு முன்னாலை கட்டினவன் எண்டு எவ்வளவு காலம் நீங்கள் இவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை? இவர் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை. திரும்பி வந்து அந்த வேலியைத் தன்ரை கையாலை அடுக்கிக் கட்டினவர். மாதா மாதம் ஊசிக்கு முதல்நாள் உங்களுக்குப் போன் எடுத்து "மச்சான், நாளைக்கு ஊசி, விட்டிடாதை" எண்டு சொல்லாமல் இவர் படுத்ததில்லை. ஆசுப்பத்திரியிலை மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கேக்கையும் என்னட்டைக் கேட்டவர், "பஸ்தியான் ஊசிக்குப் போனவனோ?" எண்டு.

அந்த மனுசனுக்கு நீங்கள் கடைசியாய்க் குடுத்தது நாக்கு.

ஆண்டுப் பூசைக்கும் வரவேண்டாம். இனிப் போனும் எடுக்கவேண்டாம்.

கிறேசம்மா


நெடுந்தீவு
16.06.2024

தங்கச்சிக்கு,

போன் எடுக்கவேண்டாம் எண்டாய். கடுதாசி போடவேண்டாம் எண்டு சொல்லேல்லை.

நீ எழுதினதை அன்ரனிட்டா வாசிச்சவ. நாக்கு எண்ட இடத்திலை நிப்பாட்டிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. "என்ன பாக்கிறாய்?" எண்டன். "அண்ணை, இப்பவும் நீட்டுறியள்" எண்டா.

எனக்கு அது தெரியாது. வாய் சப்புறது தெரியும். நாக்கு வெளியிலை வாறது தெரியாது. எங்கடை வீட்டிலை கண்ணாடி இல்லை. அன்ரனிட்டா தன்ரை வீட்டிலை இருந்து கண்ணாடி கொண்டுவந்து பிடிச்சவ. பாத்தன். நீ எழுதினது சரி.

வாய் சப்பத் தொடங்கினது எப்ப எண்டு சொல்லுறன். கடல் பொங்கி வந்ததுக்கு அடுத்த வருசம், மாரி முடிய, சிவத்தப் பசு முதல் கண்டு போட்ட கிழமை. நான் பால் கறந்துகொண்டிருக்கிறன். பால் வாங்க வந்தவன் நிண்டு பாத்திட்டு, "பஸ்தியான், நீயும் மாடும் ஒரே கதியிலை இரை மீட்கிறியளடா" எண்டு சிரிச்சான். நான் வாயை இறுக்கிப் பிடிச்சன். நிண்டுது. பிறகு முலையிலை கை வைக்கத் திரும்பவும் தொடங்கியிட்டுது. அண்டைக்குப் பின்னேரந்தான் கடைக்குப் போய் வெத்திலை வாங்கினனான். அதுக்கு முதல் நான் வெத்திலை தொட்டதில்லை, உனக்குத் தெரியும். வெத்திலை போடுறவன் வாயைச் சப்பினால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். ஒருத்தரும் கேக்கவுமில்லை. பட்டணத்துக் கிளினிக்கிலை மாறி மாறி வந்த டொக்ரர்மார் எல்லாரும் "வெத்திலையைக் குறையுங்கோ ஐயா, புற்றுநோய் வரும்" எண்டுதான் சொன்னவை. ஓம் எண்டனான்.

மடுத்தீன் செத்த அண்டைக்கு குறிகட்டுவான் துறையிலை இறங்கினவுடனை வெத்திலையைத் துப்பினனான். கடல்தண்ணியை அள்ளி வாய் கொப்பளிச்சனான். செத்தவனுக்கு முன்னாலை வாய் சிவக்கச் சப்பிக்கொண்டு போய் நிக்கிறதே? மரியாதை எண்டு நினைச்சுத் துப்பினது. அது இப்பிடி வந்திட்டுது.

இந்த மாதம் ஊசிக்கு வெத்திலை இல்லாமல் போனனான். நீ எழுதினதாலைதான். இப்ப இருக்கிறது புதுசா வந்த டொக்ரர் பிள்ளை. நான் கதிரையிலை இருந்தவுடனை பேனையை வைச்சிட்டா. "ஐயா, வாய் எப்பவும் இப்பிடியோ?" எண்டா. கையை முழங்காலிலை வைக்கச் சொன்னா. செருப்பைக் கழட்டச் சொல்லிக் கால்விரலைப் பாத்தா. வாயைத் திறந்து நாக்கை உள்ளுக்குள்ளை சும்மா வைச்சிருங்கோ எண்டா. சும்மா வைச்சிருக்க ஏலேல்லை. பிறகு டொக்ரருக்குப் படிக்கிற பிள்ளையளையும் கூப்பிட்டுக் காட்டினா. அவையும் ஒவ்வொராளா வந்து பாத்திட்டுப் போச்சினம். நான் திறந்துகொண்டு இருந்தனான்.

"இது உங்கடை நோய் வருத்தத்தாலை வந்ததில்லை ஐயா. ஊசியாலை வந்தது. கனகாலம் போட்டால் சிலபேருக்கு இப்பிடி வரும்" எண்டா.

"நிப்பாட்டினால் போகுமோ?"

"சொல்ல ஏலாது. சிலருக்குப் போகும். சிலருக்கு அப்பிடியே நிக்கும். நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ, பழைய வருத்தம் திரும்பியிடும்."

வேறை ஒரு வழியும் சொன்னவ. அது எனக்குச் சரிவராது.

"அழுகை வாறதில்லை பிள்ளை, அதுவும் ஊசியோ?" எண்டும் கேட்டனான். "இருக்கலாம்" எண்டா. இருக்கலாம் எண்டால் ஓமோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. மடுத்தீன் செத்தது எனக்குத் தெரியும். அது பக்கத்து ஊரிலை ஆருக்கோ நடந்த மாதிரிக் கிடக்குது. அப்பிடித்தான் எனக்கு எல்லாம் கிடக்கிறது.

மடுத்தீன் என்னைக் கட்டின கோவம் இருந்ததுதான். சிலகாலம். பிறகு தேடிப் பாத்தன், காணேல்லை. மற்றது, அது நீலச் சாரமில்லை. பச்சைக் கட்டம்.

பஸ்தியாம்பிள்ளை


மண்டைதீவு
22.07.2024

அண்ணைக்கு,

கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். வெத்திலைக் கதையை நம்பினன். மற்றதை நம்ப எனக்கு ஏலாமல் கிடக்குது.

ஊசியாலை வந்தது எண்டு எழுதியிருக்கிறியள். அந்த ஊசிக்கு உங்களைக் கட்டிக் கொண்டுபோனது ஆர்? ஒரு மாதமும் தப்பாமல் போங்கோ போங்கோ எண்டு துரத்தினது ஆர்? அப்ப என்ரை மனுசன்தான் உங்கடை வாயைக் கெடுத்தவர் எண்டு சொல்லுறியள். இல்லையெண்டு சொல்ல அவர் இல்லை. அவர் எங்கடை குடும்பத்துக்குச் செய்த ஒரேயொரு பெரிய காரியம் உங்களைக் காப்பாற்றினது. அதைத்தான் மச்சாள்மார் செத்தவீட்டிலை சொல்லிச் சொல்லி அழுதவை. இப்ப நான் போய், அதுதான் எங்கடை அண்ணைக்கு வந்த கேடு எண்டு சொல்லட்டோ?

நான் ஒண்டு சொல்லுறன். அந்த டொக்ரர் பிள்ளை சொல்லுறது உண்மையெண்டால் ஊசியை விட்டுப் பாருங்கோ. எத்தினை வருசமாய் வருத்தம் இல்லை, இனியேன் வரப்போகுது? ஊசிதான் காரணமெண்டால் வாய் நிக்கும். நிண்டால் ஆண்டுப் பூசைக்கு வாங்கோ, முன்வரிசை வாங்கிலை என்னோடை இருங்கோ, நானே இவரின்ரை அக்கா மச்சாளுக்குச் சொல்லுறன். நிக்காட்டில் அது ஊசியில்லை, உங்கடை மனம்.

கிறேசம்மா


நெடுந்தீவு
28.10.2024

தங்கச்சி,

ஊசிக்குப் போறேல்லை. நீ சொன்ன மாதம் விட்டனான், பிறகு தொடவேயில்லை. வாய் நிக்கேல்லை. கூடியிருக்குது. சோத்தை வைச்சால் நாக்கு வெளியிலை தள்ளுது, கண்டுக்குட்டிக்குத்தான் கொண்டாட்டம். அன்ரனிட்டா கஞ்சி வைச்சுத் தாறா.

அது கிடக்கட்டும். நான் அழுதனான்! ஆவணி மாதம் ஒருநாள் கண்டுக்குக் கயிறு மாத்திக்கொண்டு நிக்கிறன், மடுத்தீன் செத்துப்போனான் எண்டு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது. அப்பிடியே நிலத்திலை இருந்து அழுதன். மூக்கு ஒழுக ஒழுக. அன்ரனிட்டா மெசினை விட்டிட்டு ஓடி வந்தவ. அம்மாவுக்கும் சேர்த்து அழுதன். எனக்குப் பேசி நிண்டுபோன கலியாணத்துக்கும் அழுதன். நல்லாயிருந்தது தங்கச்சி. உனக்குச் சொல்லோணும் எண்டு ஓடிவரப் பாத்தன், காத்துக்குப் படகு விடேல்லை.

இப்ப இன்னொரு விசயம். மடுத்தீன் சேமக்காலையிலை இல்லை. அவன் இஞ்சை மேற்கு வேலிக்குள்ளை கிடக்கிறான், தான் கட்டின வேலிக்குள்ளை. விடியக் காத்து விழேக்கை வடிவாக் கேக்குது. "மச்சான், இந்தத் தெறியைச் சரியாப் போட்டு விடு" எண்டு கேக்கிறான். அதைத்தான் கேக்கிறான், வேறையொண்டும் கேக்கிறானில்லை. நான் கல்லை ஒவ்வொண்டா எடுக்கிறன். மெல்லமா, அவனுக்கு நோகாமல். முந்தி நான் செய்த மாதிரி இழுத்துக் கொட்டேல்லை. நீ பயப்பிடவேண்டாம். அவனை எடுத்தவுடனை சொல்லி விடுறன், வா.

பஸ்தியாம்பிள்ளை

கிறேசக்கா, இது அன்ரனிட்டா. அண்ணை சொன்னதை அப்பிடியே எழுதியிருக்கிறன், எழுதாட்டில் கோவிப்பார். மேற்கு வேலி பாதி போயிட்டுது. கையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு, மருந்து போட விடுறாரில்லை. நேற்று மாடு அவிட்டபடி ரோட்டிலை நிண்டது. உங்கடை நம்பரைக் கேட்டால் தரமாட்டன் எண்டிட்டார். இதை நாளைக் காலமைப் படகிலை வாற ஒராளிட்டைக் கையிலை குடுத்து விடுறன். என்ரை நம்பர் கவரிலை இருக்கு.

இன்னொண்டு. டொக்ரர் சொன்ன மற்ற வழியை அவர் உங்களுக்கு மறைச்சவர். வேறை ஒரு குளிசை மருந்து இருக்காம். வருத்தத்தையும் பிடிக்குமாம், வாயையும் இவ்வளவு கெடுக்காதாம். ஆனால் அது இரத்தத்தைக் குறைக்குமாம், அதாலை தொடக்கத்திலை கனமாதத்துக்குக் கிழமைக்கொருக்கால் இரத்தம் எடுத்துப் பாக்கோணுமாம். காத்துக் காலத்திலை இஞ்சையிருந்து எப்பிடிக் கிழமைக்கொருக்கால் போறது? பட்டணத்துப் பக்கம் தங்கினால்தான் சரி. "தங்கச்சியிட்டைக் கேளுங்கோவன்" எண்டு சொன்னன். "அவ சாவுக்கே என்னை வெளியிலை இருத்தினவ" எண்டார். கோவமாச் சொல்லேல்லை அக்கா. மழை பெய்யுது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னவர்.


ஆசுப்பத்திரி வாட்டு
09.12.2024

தங்கச்சிக்கு,

இதை எழுதுறது பக்கத்துக் கட்டில் பாலசிங்கம் மாஸ்ரர். பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்சவர். இப்ப வாட்டுச் சன்னல் கம்பியை எண்ணுறார். ஆனால் கையெழுத்து நல்லமெண்டு நேர்ஸ் பிள்ளை சொன்னவ.

நீ எங்கடை வளவுக்கு வந்தது ஞாபகம் இருக்குது. மண்ணிறச் சீலை, கரை முழுக்கக் கடல்தண்ணி. பிரிச்ச கல்லுக்கு மேலை இருந்தாய். மடுத்தீன் உள்ளுக்கை கிடக்கிறான் எண்டன். நீ இல்லையெண்டு சொல்லேல்லை. "அவரை நான் சேமக்காலையிலை வைச்சனான் அண்ணை. வாங்கோ காட்டுறன்" எண்டாய். நான் எழும்பி வந்தனான். படகு முழுக்க என்ரை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தாய், விடவேயில்லை. சேமக்காலைக்குப் போகேல்லை. வான் நேரை இஞ்சை வந்தது. பரவாயில்லை.

ஊசி திரும்பப் போடுகினம். கல்லு கதைக்கிறேல்லை. மடுத்தீன் போயிட்டான். அழுகையும் போயிட்டுது. ரெண்டும் ஒரு கிழமைக்குள்ளை போனது. எது நல்லம் எண்டு டொக்ரர் பிள்ளை கேட்டவ. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. இப்ப மடுத்தீன்ரை பேரைச் சொல்லிப் பாக்கிறன், பேராத்தான் கிடக்குது.

நீ ஒண்டு கேட்டு எழுதினனி, அப்ப நான் பதில் சொல்லேல்லை. மடுத்தீன் என்னைக் கட்டிக் கொண்டுபோனது சரி. கொண்டுபோகாட்டில் நான் கடலுக்குள்ளை போயிருப்பன். ஊசியாலை வாய் இப்பிடி வந்ததும் சரி. ரெண்டும் நடந்தது. அவனிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. மாஸ்ரர் தண்ணி குடிக்கப் போயிட்டார். வந்திட்டார்.

டொக்ரர் பிள்ளை கேட்டா, "இந்தப் பக்கம் தங்கிறதுக்கு ஆரும் இருக்கினமோ ஐயா?" எண்டு. "இல்லை" எண்டன். நீ அந்த நேரம் சோத்துப் பார்சலோடை வாசலிலை நிண்டனி. கேட்டிருப்பாய். பார்சலைக் கட்டிலிலை வைச்சாய், பார்சலைத்தான் பாத்தாய். நான் தின்னேக்கை வெளியிலை போய் நிண்டாய். எனக்கு அது நோகேல்லை. சொல்லோணும் எண்டதுக்காகச் சொல்லுறன்.

இந்த மாதம் நத்தார்ப் பெருநாளுக்கு முதல் விட்டிடுவினமாம். நான் நெடுந்தீவுக்குப் போறன். மாடுகளை அன்ரனிட்டா பாத்தது போதும். ஆண்டுப் பூசை அண்டைக்கு நான் எங்கடை கோயிலிலை இருந்துகொள்ளுறன்.

பஸ்தியாம்பிள்ளை


மண்டைதீவு
14.01.2025

அண்ணைக்கு,

ஓம், கேட்டனான். வாசலிலை நிண்டு "இல்லை" எண்டதைக் கேட்டனான். நீங்கள் சாப்பிடேக்கை நான் வெளியிலை போனதுக்குக் காரணம் வேறை. உங்கடை வாயாலை சோறு வழிய, நீங்கள் அதைத் துடைக்காமல், துடைக்கோணும் எண்டதே தெரியாமல் இருந்தியள். ஊசியை விடுங்கோ எண்டு எழுதினது இந்தக் கை. எனக்கு அங்கை நிக்க ஏலேல்லை.

பிறகு நான் தனியப் போய் அந்த டொக்ரர் பிள்ளையைக் கண்டனான். "என்ரை மனுசன் செய்தது பிழையோ?" எண்டு கேட்டன். முதலிலை அவவுக்கு விளங்கேல்லை. முழுக்கதையையும் சொன்னன். "அம்மா, அவர் கொண்டுவந்திராட்டில் உங்கடை அண்ணை இண்டைக்கு இல்லை. வாயை முந்தியே கவனிச்சிருக்கோணும். அது அவரின்ரை வேலையில்லை, எங்கடை வேலை" எண்டா. அந்தப் பிள்ளைக்கு என்ரை மகளின்ரை வயசு. எழும்பி நிண்டு சொன்னது.

மச்சாளுக்கும் சொன்னன். "ஊசி குத்தினால் நாக்கு நீளுமோ? நல்ல கதை!" எண்டு சிரிச்சா. நான் சிரிக்கேல்லை. பிறகு அவவும் சிரிக்கேல்லை. ஆனால் நம்பினவ எண்டு சொல்லமாட்டன்.

பூசை மாசி மாதம் பதினைஞ்சாம் திகதி, காலமை. வாங்கோ. வெத்திலை போடாதேங்கோ. வாயை இறுக்கவும் வேண்டாம். எப்பிடி இருக்குதோ அப்பிடியே வாங்கோ.

குளிசைக்கு இரத்தம் பாக்கிற விசயம் அன்ரனிட்டா எழுதியிருந்தவ. எங்கடை பின் அறை சும்மாதான் கிடக்குது. இஞ்சையிருந்து பட்டணத்துக்கு பஸ்ஸிலை போற தூரந்தான். யோசியுங்கோ.

கிறேசம்மா


நெடுந்தீவு
05.03.2025

தங்கச்சிக்கு,

பூசை முடிஞ்சு வந்து சேர்ந்தன். படகிலை காத்து. அன்ரனிட்டா "என்ன நடந்தது, என்ன நடந்தது?" எண்டு கேட்டுக்கொண்டேயிருந்தா. அவவுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்லுறன்.

முன் வாங்கிலை இருத்தினாய். பக்கத்து வாங்கிலை ஒரு சின்னப்பிள்ளை என்னைப் பாத்து என்னை மாதிரி வாயைச் சப்பிக் காட்டினது. நானும் பாத்தன். வடிவாத்தான் செய்தது. தாய்க்காரி அதின்ரை தொடையிலை கிள்ளினா. பூசை வைச்ச சுவாமி நற்கருணை தரேக்கை கையிலை தரட்டோ எண்டு மெல்லமாக் கேட்டவர், நீ முந்தியே சொல்லி வைச்சிருக்கிறாய். உன்ரை மச்சாள் ரெண்டுதரம் திரும்பிப் பாத்தா. நீ அவவைப் பாத்தாய். அதுக்குப் பிறகு திரும்பேல்லை.

பாட்டு வந்தவுடனை புத்தகத்தை எனக்கும் தெரியிற மாதிரி நடுவிலை பிடிச்சாய். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதெண்டு உனக்குத் தெரியும். இருந்தும் பிடிச்சுக்கொண்டு நிண்டாய், பாட்டு முடியுமட்டும். நீ அழுதாய். எனக்கு வரேல்லை.

இப்ப நான் கேக்கிறதுக்கு வாறன். போன கிழமை டொக்ரர் பிள்ளையைக் கண்டனான். "தங்கிறதுக்கு இடம் இருக்கு" எண்டன். அவவுக்குச் சந்தோசம். ஆனால் ஒண்டு சொன்னவ: குளிசையை மாத்தினாலும் வாய் நிக்கும் எண்டு வாக்குத் தரமாட்டாவாம். குறையலாம். குறையாமலும் விடலாம். கனவருசம் பாராமல் விட்டாச்சு எண்டா. மாத்திற நேரம் பழைய வருத்தம் எட்டிப்பாக்கவும் கூடும், கூட ஒராள் கவனிக்கோணும் எண்டா.

நான் வாறதெண்டால் மாடுகளை விக்கோணும். கண்டை அன்ரனிட்டா எடுப்பா, மற்றதுகளுக்கு ஆள் இருக்குது. வித்தால் பிறகு எனக்கு இஞ்சை திரும்பி வந்து செய்ய ஒண்டுமில்லை. மாட்டுக்காகத்தான் நான் காலமை எழும்புறனான்.

அதாலை கேக்கிறன். ஒரு வருசம் உன்ரை வீட்டிலை இருந்து, ஊசியும் மாறி, இரத்தமும் குத்தி, எல்லாம் செய்தும் வாய் நிக்காட்டில் என்ன செய்வாய்? உன்ரை மச்சாள் வரேக்கை, உன்ரை மகள் நிஷாந்தினி வெளிநாட்டிலையிருந்து வரேக்கை, "அண்ணை, கொஞ்சநேரம் பின் அறைக்குள்ளை இருங்கோ" எண்டு சொல்லுவியோ? சொல்லுறதெண்டால் இப்பவே சொல்லு. நான் இஞ்சை மாட்டோடை இருந்திடுறன், ஊசியும் போட்டுக்கொண்டு.

யோசிக்காமல் எழுது. எனக்கு நோகாது. இப்ப எனக்கு ஒண்டும் நோகிறேல்லை, அதாலை இதைக் கேக்கிறதுக்கு இதுதான் நல்ல நேரம்.

பஸ்தியாம்பிள்ளை


மண்டைதீவு
12.03.2025

அண்ணை,

மச்சாள் ஞாயிற்றுக்கிழமையிலை பூசை முடிய வாறவ. உங்களுக்கு ஒரு சாய்மனைக் கதிரை வாங்கி விறாந்தையிலை போட்டிருக்கிறன், படலைக்கு நேரை. வாறவை ஆரெண்டாலும் உங்களைக் கண்டுதான் உள்ளை வரோணும்.

மாடுகளை வித்துப்போட்டு வாங்கோ.

கிறேசம்மா